கலைந்த அணிகளைக் கடந்து வந்த மார்த்தா: பெண்கள் கால்பந்து அணிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்



பெண்கள் கால்பந்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர் பிரேசிலின் மார்த்தா வியெய்ரா ட சில்வா. 2019 உலகக் கோப்பையில் இத்தாலிக்கு எதிராக அவர் அடித்த பெனால்டி, உலகக் கோப்பைகளில் அவருடைய 17ஆவது கோல். அதுவரை ஆணோ பெண்ணோ எவரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. உலகின் சிறந்த வீராங்கனைக்கு ஃபிஃபா வழங்கும் விருது 2006 முதல் 2010 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அவருக்கே கிடைத்தது. 2018இல் ஆறாவது முறையாகவும் கிடைத்தது. 2004, 2008, 2024 ஒலிம்பிக் போட்டிகளில் பிரேசில் வெள்ளி வென்றபோது மூன்று அணிகளிலும் அவர் இருந்தார்.

இந்தச் சாதனைகள் பலரும் அறிந்தவை. இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு வரலாறு, அவர் ஆடிய அணிகளுடையது. வாஸ்கோ ட காமா, லாஸ் ஏஞ்சலஸ் சோல், எஃப்சி கோல்ட் பிரைடு, சான்டோஸ், டிரெசோ ஆகியவற்றின் பெண்கள் அணிகள் அவர் ஆடிய காலத்திலோ அதையடுத்த சில ஆண்டுகளிலோ கலைந்தன. அமெரிக்காவில் அவர் ஆடிய லீக் ஒன்று முழுமையாகவே மூடப்பட்டது. உலகின் முதல் வீராங்கனைக்கே கால் ஊன்றி நிற்க ஓர் அணி கிடைப்பது இத்தனை அரிதென்றால், குறை திறமையில் இல்லை; அணிகளை நிலைநிறுத்தும் ஏற்பாட்டில் இருக்கிறது. அணிகளை நடத்தும் பொறுப்பில் இருப்போர் மார்த்தாவின் வாழ்க்கையை இந்தக் கோணத்தில் படிக்க வேண்டும்.

பிரேசிலில் இந்தக் குறைக்குச் சட்டமே வேராக இருந்தது. 1941 ஏப்ரலில் கெட்டூலியோ வர்காஸ் அரசு பிறப்பித்த 3199ஆம் எண் ஆணை, பெண்களின் இயல்புக்கு ஒவ்வாதவை எனக் கருதப்பட்ட விளையாட்டுகளை அவர்கள் ஆடக் கூடாது என்றது. 1965இல் தேசிய விளையாட்டுக் குழு தடை செய்யப்பட்ட விளையாட்டுகளின் பட்டியலில் கால்பந்தைப் பெயர் சொல்லியே சேர்த்தது. தடை நீங்கியது 1979இல். பெண்கள் கால்பந்துக்கு முறையான விதிகள் வந்தது 1983இல். ஆண்கள் அணி மூன்று உலகக் கோப்பைகளை வென்று, பிரேசில் என்றாலே கால்பந்து என உலகம் சொல்லத் தொடங்கிய காலம் முழுவதும் அந்நாட்டுப் பெண்களுக்கு அந்த ஆட்டம் விலக்கப்பட்டிருந்தது. ஆண்களுக்குக் கழகமும் லீக்கும் பயிற்சிக்கூடமும் வளர்ந்த நாற்பது ஆண்டுகளில் பெண்களுக்கு எதுவும் வளரவில்லை. தடையை நீக்க ஓர் ஆணை போதுமானதாக இருந்தது. கட்டப்படாமல் போன அமைப்புகளைக் கட்டுவதற்கோ பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

தடை நீங்கி ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1986 பிப்ரவரி 19 அன்று, வடகிழக்குப் பிரேசிலின் அலகோவாஸ் மாநிலத்தில் மழை குறைந்த உள்நாட்டுச் சிற்றூரான டோய்ஸ் ரியாஷோஸில் மார்த்தா பிறந்தார். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட, தாய் தனியாக உழைத்து நால்வரையும் வளர்த்தார். ஊரில் பெண்கள் அணி இல்லை. தெருவிலும் காய்ந்த ஆற்றுப் படுகையிலும் ஆண் பிள்ளைகளோடுதான் மார்த்தா ஆடினார். ஊராரின் பேச்சும் வீட்டில் அண்ணன்மாரின் எதிர்ப்பும் இருந்தன. ஒரு வட்டாரப் போட்டியில், அந்தப் பெண் ஆடினால் தன் அணியை விலக்கிக்கொள்வதாக எதிரணிப் பயிற்சியாளர் ஒருவர் சொன்னதை மார்த்தாவே பின்னாளில் எழுதியிருக்கிறார். அங்கிருந்த சிறுவர்களையெல்லாம் விட நன்றாக ஆடிய ஒரு சிறுமிக்கு ஆடுவதற்கு இடம் இல்லை என்பதே நிலைமை.

14 வயதில் அவர் ரியோ டி ஜெனீரோவுக்குப் பேருந்து ஏறினார். ஏறத்தாழ மூன்று நாள் பயணம். வாஸ்கோ ட காமா கழகத்தில் பெண்கள் அணிக்கான தேர்வில், பயிற்சியாளர் ஹெலேனா பஷேகோ அவருடைய ஆட்டத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு முடிவால் மார்த்தாவுக்கு முதல் முறையாக முறையான பயிற்சி கிடைத்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே வாஸ்கோ தன் பெண்கள் அணியை நிறுத்தியது. மார்த்தா மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் சான்டா குரூஸ் என்ற சிறிய கழகத்துக்குப் போனார். பதின்வயது ஆட்டக்காரர் ஒருவருக்கு அணி கலைவது பெரியவர்களுக்கு நேர்வதைவிடக் கூடுதலான இழப்பு. உடலும் ஆட்ட அறிவும் வளரும் பருவத்தில் பயிற்சி அறுபடுகிறது. விடுதியும் உணவும் போகின்றன. வீட்டுக்குத் திரும்பு என்ற அழுத்தம் கூடுகிறது. அதே காலத்தில் அணி கலைந்து, மார்த்தாவுக்குக் கிடைத்ததைப் போல வேறு அணி கிடைக்காமல் ஆட்டத்தை விட்டவர்களின் பெயர்களை எந்த ஏடும் பதிவு செய்யவில்லை.

2003 உலகக் கோப்பை அமெரிக்காவில் நடந்தபோது மார்த்தாவுக்கு 17 வயது. அங்கே அவர் மூன்று கோல் அடித்தார். அந்த ஆட்டத்தைக் கவனித்த சுவீடனின் உமியோ கழகம் 2004இல் அவரை அழைத்துக்கொண்டது. ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில், ஆண்டில் பல மாதம் பனி மூடிக் கிடக்கும் நகரம் அது. மொழி தெரியாது; குளிர் பழக்கமில்லை. ஆனால் அங்கே பிரேசிலில் கிடைக்காத ஒன்று இருந்தது. சுவீடனின் பெண்கள் லீக் 1988 முதல் ஆண்டு தவறாமல் நடந்துவந்தது. கழகங்கள் உறுப்பினர்களால் நடத்தப்பட்டன. மைதானங்களையும் பனிக்காலத்துக்கான உள்ளரங்குகளையும் நகராட்சிகள் பராமரித்தன. எந்தத் தேதியில் எந்த ஆட்டம் என்பது பருவம் தொடங்கும் முன்பே தெரிந்திருந்தது. அந்த ஒழுங்குக்குள் மார்த்தாவின் திறமை முழுமையாக வெளிப்பட்டது. சேர்ந்த ஆண்டிலேயே உமியோ, ஃபிராங்ஃபர்ட் அணியை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 8–0 என வென்று ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றியது. 2005 முதல் 2008 வரை நான்கு ஆண்டும் லீக் பட்டம் அந்த அணிக்கே. உமியோவுக்காக லீக் ஆட்டங்களில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கோல்களை மார்த்தா அடித்தார். டோய்ஸ் ரியாஷோஸில் இருந்த அதே கால்கள்தாம்; மாறியது அவற்றுக்குக் கிடைத்த இடம்.

பிரேசில் தேசிய அணியின் உச்ச ஆண்டு 2007. ஜூலையில் ரியோவில் நடந்த பான் அமெரிக்கன் விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், மரக்கானா மைதானத்தில் ஏறத்தாழ 68,000 பேர் முன்னிலையில் பிரேசில் அமெரிக்க அணியை 5–0 என வென்றது. செப்டம்பரில் சீனாவில் நடந்த உலகக் கோப்பையின் அரையிறுதியில் மீண்டும் அமெரிக்காவை 4–0 என வீழ்த்தியது. இறுதியில் ஜெர்மனியிடம் 0–2 எனத் தோற்றது. மார்த்தாவின் பெனால்டியை ஜெர்மனியின் கோல்காப்பாளர் நாடின் ஆங்கரர் தடுத்தார். ஏழு கோலுடன் அதிக கோல் அடித்தவருக்கான விருதும், சிறந்த ஆட்டக்காரருக்கான விருதும் மார்த்தாவுக்குக் கிடைத்தன. பரிசளிப்பு நேரத்தில் பிரேசில் வீராங்கனைகள் தங்கள் நாட்டிடம் ஆதரவு கேட்டு எழுதிய பதாகை ஒன்றை உயர்த்திப் பிடித்தார்கள். உலகக் கோப்பையின் இரண்டாம் இடத்தைப் பெற்றவர்கள், ஊர் திரும்பினால் ஆடுவதற்கு லீக் இல்லை என்று உலகத்தின் முன் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு பெண்களுக்கான பிரேசில் கோப்பைப் போட்டி தொடங்கப்பட்டது. தேசிய லீக் வர 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2009இல் அமெரிக்காவில் புதிய தொழில்முறை லீக் ஒன்று தொடங்கியது. அதற்கு முன் 2001 முதல் 2003 வரை நடந்த லீக் பணமின்றி மூடப்பட்டிருந்தது. மார்த்தா லாஸ் ஏஞ்சலஸ் சோல் அணியில் சேர்ந்தார்; லீக் சுற்றில் அணி முதலிடம் பெற்றது. அடுத்த சனவரியில், புதிய உரிமையாளர் கிடைக்காததால் அணி கலைந்தது. 2010இல் அவர் எஃப்சி கோல்ட் பிரைடுக்குப் போனார்; அந்த அணி பட்டம் வென்றது. வென்ற சில வாரங்களில், முதலீட்டாளர் இல்லாமல் அதுவும் கலைந்தது. 2011இல் வெஸ்டர்ன் நியூயார்க் ஃபிளாஷ் அணியில் ஆடினார். அதுவும் பட்டம் வென்றது. 2012இல் லீக்கே மூடப்பட்டது. அந்த மூன்று பருவங்களிலும் அதிக கோல் அடித்தோர் பட்டியலின் தலையில் மார்த்தாவின் பெயர் இருந்தது. கோலும் கோப்பையும் ஓர் அணியைக் காப்பாற்றப் போதாது என்பதற்கு இந்த மூன்று ஆண்டுகளைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அமெரிக்கப் பருவங்களின் இடைவெளியில் அவர் பிரேசிலின் சான்டோஸ் கழகத்துக்கு ஆடினார். தென் அமெரிக்கக் கழகங்களுக்காக 2009இல் முதன்முறையாக நடந்த பெண்கள் லிபெர்டடோரஸ் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் சான்டோஸ் 9–0 என வென்றது. தென் அமெரிக்காவின் சிறந்த பெண்கள் அணியாக இருந்த அதைக் கழகம் 2012 தொடக்கத்தில் கலைத்தது. 2015இல்தான் மீண்டும் தொடங்கியது. ஆண்கள் அணியின் கணக்கில் பற்றாக்குறை வரும்போது முதலில் வெட்டப்படுவது பெண்கள் அணி என்ற நிலை அன்று பிரேசிலில் பொதுவாக இருந்தது.

2012இல் மார்த்தா மீண்டும் சுவீடன் சென்றார், இம்முறை ஸ்டாக்ஹோம் அருகே உள்ள டிரெசோ கழகத்துக்கு. பல நாடுகளின் முன்னணி வீராங்கனைகளை ஒரே அணியில் திரட்டிய டிரெசோ அந்த ஆண்டே லீக் பட்டம் வென்றது. 2014 மே 22 அன்று லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் வோல்ஃப்ஸ்பர்க் அணியிடம் 3–4 எனத் தோற்றது. டிரெசோவின் மூன்று கோல்களில் இரண்டு மார்த்தாவுடையவை. அடுத்த மாதமே, சம்பளச் சுமையைத் தாங்க முடியாமல் கழகம் லீக்கிலிருந்து விலகியது. அந்தப் பருவத்தில் அது ஆடிய ஆட்டங்களின் முடிவுகளும் நீக்கப்பட்டன. மார்த்தா மால்மோ நகரின் ரோசன்கோர்ட் கழகத்தில் சேர்ந்து 2014, 2015 பட்டங்களை வென்றார். ஒரே நாடு, ஒரே லீக், ஒரே விதிகள். ரோசன்கோர்டின் வேர் 1970இல் தொடங்கிய பெண்கள் அணியில் இருந்தது; பெயரும் நிர்வாகமும் மாறியபோதும் அணி தொடர்ந்தது. டிரெசோவோ வரவுக்கு மீறிய சம்பளத்தில் சில ஆண்டுகளில் உச்சிக்கு ஏறி, அதே வேகத்தில் சரிந்தது. நல்ல லீக்கும் நல்ல மைதானமும் இருந்தாலும் கழகத்தின் வரவு செலவுக் கணக்கு சரியாக இல்லாவிட்டால் அணி நிற்காது என்பதை இந்த இரண்டு கழகங்களும் காட்டுகின்றன.

பார்வையாளர்கள் வருவதில்லை என்பது பெண்கள் அணிகளைக் கலைப்போர் வழக்கமாகச் சொல்லும் காரணம். மார்த்தாவின் வாழ்க்கை இதற்கும் பதில் தருகிறது. 2007 மரக்கானா கூட்டம் ஒன்று. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அதே மைதானத்தில் சுவீடனுக்கு எதிரான அரையிறுதிக்கு 70,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அந்த நாட்களில் ஆண்கள் அணியின் நட்சத்திரத்தின் பெயரை அடித்துவிட்டு மார்த்தாவின் பெயரை எழுதிய சட்டையோடு சிறுவர்கள் தெருவில் நடந்த படங்கள் உலகெங்கும் பரவின. கழக ஆட்டங்களுக்கும் கூட்டம் வரும் என்பதைப் பின்னர் வளர்ந்த லீக் மெய்ப்பித்தது. 2022இல் சாவோ பாவ்லோவில் நடந்த பிரேசில் பெண்கள் லீக் இறுதி ஆட்டத்தைக் காண 41,000க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். ஆட்டம் எப்போது, எங்கே என்பது ஆண்டுதோறும் உறுதியாகத் தெரிந்தால் ரசிகர்களுக்கு அது பழக்கமாகிறது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஆட்டத்தைக் காட்டிவிட்டு மற்ற நாட்களில் ரசிகர்கள் வரவில்லை என்று குறை சொல்வது நேர்மையாகாது.

பிரேசிலில் மாற்றம் வந்தது விதிகளின் வழியாக. தென் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பும் பிரேசில் கூட்டமைப்பும் கொண்டுவந்த உரிம விதி 2019 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெண்கள் அணி இல்லாத கழகம் கண்டத்தின் பெரிய ஆண்கள் போட்டிகளிலோ பிரேசிலின் முதல் பிரிவிலோ ஆடத் தகுதி இழக்கும். அதுவரை பெண்கள் அணியைப் பற்றி யோசிக்காத பெரிய கழகங்களும் அணி தொடங்கின. 2020 செப்டம்பரில் தேசிய அணியின் ஆண், பெண் இருபாலருக்கும் ஒரே அளவு தினப்படியும் பரிசுத் தொகையும் தருவதாகப் பிரேசில் கூட்டமைப்பு அறிவித்தது. நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்த காலத்தில் அணிகள் கலைந்தன. கலைத்தால் இழப்பு உண்டு என்ற விதி வந்தபின் அணிகள் நிலைக்கத் தொடங்கின.

மார்த்தா தன் அனுபவத்திலிருந்து எடுத்த முடிவுகளை வெளிப்படையாகச் சொல்லிவந்தார். 2019 உலகக் கோப்பைக்கு அவர் எந்த நிறுவனத்தின் முத்திரையும் இல்லாத கறுப்புப் பூட்ஸ் அணிந்து வந்தார். அதில் சமத்துவக் குறி மட்டுமே இருந்தது. ஆண் ஆட்டக்காரர்களுக்குக் கிடைப்பதைவிட மிகக் குறைவான தொகைக்கு ஒப்பந்தம் போட மறுத்ததன் விளைவு அது. அதே போட்டியில் பிரான்சிடம் கூடுதல் நேரத்தில் தோற்று வெளியேறிய இரவில், தொலைக்காட்சிக் கேமராவை நேராகப் பார்த்து நாட்டின் சிறுமியரிடம் பேசினார். மூத்த வீராங்கனைகளான ஃபொர்மிகாவும் மார்த்தாவும் கிறிஸ்டியானேயும் என்றென்றும் ஆடிக்கொண்டிருக்க முடியாது. பெண்கள் கால்பந்து பிழைத்திருப்பது இனி வருவோரின் கையில் இருக்கிறது என்பது அதன் சாரம். ஏழு உலகக் கோப்பைகளில் ஆடிய ஃபொர்மிகா அப்போது 41 வயதிலும் களத்தில் இருந்தார். மூத்தவர்களுக்கு மாற்றாக இளையோரை உருவாக்கும் வயதுவாரி அணிகள் போதிய அளவில் இல்லை என்பதையும் அந்தப் பேச்சு உணர்த்தியது.

நிலைத்த அணி ஒன்று மார்த்தாவுக்கு 2017இல் ஆர்லாண்டோ பிரைடு வடிவில் கிடைத்தது. 2013இல் தொடங்கிய அமெரிக்காவின் மூன்றாவது தொழில்முறை லீக், முந்தைய இரண்டின் தோல்விகளிலிருந்து பாடம் கற்றது. சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தது. தேசிய அணி வீராங்கனைகளின் சம்பளத்தைத் தொடக்க ஆண்டுகளில் கூட்டமைப்புகள் ஏற்றன. 2022இல் வீராங்கனைகளின் சங்கத்துடன் முதல் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆர்லாண்டோ உடனே வெற்றி பெறவில்லை. பல ஆண்டுகள் பட்டியலின் கீழ்ப்பகுதியில் கிடந்தது. 2022 மார்ச்சில் 36 வயதான மார்த்தாவின் இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. பெண் ஆட்டக்காரர்களிடம் ஆண்களைவிட அதிகம் காணப்படும் காயம் இது. ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆட்டத்தைப் பறிக்கும். கழகம் அவரைக் கைவிடவில்லை. 2023 தொடக்கத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. 2024இல் ஆர்லாண்டோ லீக் சுற்றில் முதலிடம் பெற்றது. நவம்பர் 23 அன்று இறுதி ஆட்டத்தில் பார்ப்ரா பண்டாவின் கோலால் வாஷிங்டன் அணியை 1–0 என வென்றது. அணித்தலைவராகக் கோப்பையை ஏந்திய மார்த்தாவுக்கு அது அந்தக் கழகத்தில் எட்டாவது பருவம். 2025 ஆகஸ்ட் 2 அன்று, கீட்டோவில் கொலம்பியாவுக்கு எதிரான கோபா அமெரிக்கா இறுதி ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அவர், 39 வயதில் இரண்டு கோல் அடித்தார். 4–4 எனச் சமநிலையான ஆட்டத்தைப் பிரேசில் பெனால்டி முறையில் வென்றது. உடல் தேறக் காலமும், தொடர்ந்து ஆட ஓர் அணியும் கிடைத்தால் ஒரு வீராங்கனையின் ஆட்டம் எவ்வளவு தூரம் நீளும் என்பதை இந்த ஆண்டுகள் காட்டின.

இந்த வாழ்க்கையிலிருந்து அணி நடத்துவோர் எடுத்துக்கொள்ள வேண்டியவை தெளிவானவை. முதலாவது, ஆட்ட அட்டவணை. ஒரு கோப்பைப் போட்டிக்காகச் சில வாரம் திரட்டிப் பின் கலைக்கும் அணி, அணி ஆகாது; ஆண்டு முழுவதும் பயிற்சியும் பல மாதங்களுக்கு நீளும் லீக்கும் தேவை. இரண்டாவது, வரவுக்கு உட்பட்ட செலவு. ஒரே புரவலரையும் சில நட்சத்திரங்களையும் நம்பிய அணிகள் அந்தப் புரவலர் விலகிய நாளில் கலைந்தன. மூன்றாவது, வயதுவாரி அணிகள். 14 வயதில் மூன்று நாள் பேருந்துப் பயணம் செய்யத் துணிவோர் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு அணி ஊருக்கு அருகில் இருக்க வேண்டும். அது வரும்வரை, ஆண் பிள்ளைகளின் அணியில் ஆடும் சிறுமியைத் தடுக்காதிருப்பது பயிற்சியாளரின் கடமை. நான்காவது, எழுத்து வடிவில் ஒப்பந்தம். சம்பளம், காயத்துக்கான மருத்துவச் செலவு, காயக் காலத்துப் பாதுகாப்பு, மகப்பேற்று விடுப்பு ஆகியவை நிர்வாகியின் மனநிலையைப் பொறுத்தவையாக இருக்கக் கூடாது. ஐந்தாவது, கலைப்பதைக் கடினமாக்கும் விதி. பள்ளியோ கல்லூரியோ கழகமோ, பெண்கள் அணியை நிறுத்துவதற்கு முன் வீராங்கனைகளுக்கு மாற்று இடம் உறுதிசெய்ய வேண்டும் என்பது அதன் சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

2027 பெண்கள் உலகக் கோப்பை பிரேசிலில் நடக்க இருக்கிறது. தென் அமெரிக்காவில் அது நடப்பது இதுவே முதல் முறை. பெண்கள் கால்பந்தைச் சட்டம் போட்டுத் தடுத்த நாடு, தடை நீங்கி 48 ஆண்டுகளில் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. மார்த்தாவின் தலைமுறை அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியை அணி தேடுவதில் செலவிட்டது. வளர்ந்துவரும் தலைமுறை தன் காலத்தை ஆட்டத்தில் செலவிட வேண்டும். அதற்குத் தேவையானது தொடங்கிய அணியைத் தொடர்ந்து நடத்தும் உறுதி. அதைத் தர வேண்டிய பொறுப்பு அணிகளை நடத்துவோருடையது.

இப்படிக்கு,
பெண்கள் கால்பந்து நிலைக்க விரும்பும் ஓர் ஆர்வலர்